நித்திரை வராத மனிதன்: ஒரே ஓவியத்தை ஒரு வருடம் பார்த்த அனுபவம்

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்துக் கலை அருங்காட்சியகத்தில் ஒரு படம் இருக்கிறது. உயரம் ஏறக்குறைய 181 சென்டிமீட்டர், அகலம் 220. நான் முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்பவன், கட்டில் அளவுகள் எனக்கு மனப்பாடம். இந்தப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கிக் கிடத்தினால் இருவர் படுக்கும் கட்டிலைவிடக் கொஞ்சம் பெரிதாக வரும். படத்துக்குள்ளும் இருவர் படுத்துத்தான் இருக்கிறார்கள். பெண் நித்திரை, ஆண் விழிப்பு. அவர்களைச் சுற்றி நீலமும் பச்சையும் சாம்பலுமாக ஏதோ ஒன்று சுழல்கிறது. காற்றா, கடலா, மேகமா, எதுவென்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஓஸ்கர் கொகோஷ்கா என்ற ஆஸ்திரிய ஓவியர் 1913, 1914ஆம் ஆண்டுகளில் வரைந்தது. ஜெர்மன் மொழியில் ‘டீ விண்ட்ஸ்பிரௌட்’ என்று பெயர். எக்ஸ்பிரஷனிச ஓவியம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இப்போது நான் இந்தப் படத்தைத்தான் சொல்வேன். கண்ணுக்குத் தெரிகிற உலகத்தை அப்படியே வரையாமல், உள்ளே நடப்பதற்கு ஏற்றபடி நிறத்தையும் உருவத்தையும் வளைத்துக்கொள்கிற ஓவியம். ஒரு வருடத்துக்கு முன் இந்தச் சொல்லே எனக்குத் தெரியாது. அந்த ஒரு வருடத்தில் பதினொரு தடவை போய்ப் பார்த்துவிட்டேன். என்னைப் போல ஓவியம் படிக்காதவர்கள் இங்கே நம்மவர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு உதவும் என்று நினைத்து எழுதுகிறேன்.

தொடங்கி வைத்தவள் மகள். பள்ளிக்கூடத்தில் ஒரு படத்தைப் பார்த்து விவரித்து எழுதச் சொல்லியிருந்தார்கள். “அப்பா, ஞாயிற்றுக்கிழமை மியூசியத்துக்கு வாறீங்களா? முதல் ஞாயிறு, காசு இல்ல” என்றாள். ரயில் நிலையத்திலிருந்து 2ஆம் இலக்க ட்ராம் வாசலுக்கே போகும். பிரெஞ்சுச் சிற்பி ரோடான் செய்த கலே நகரத்துப் பிரபுக்களின் வெண்கலச் சிலைகள் முற்றத்தில் நிற்கின்றன. அதுவரை அந்த வாசலை எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறேன், உள்ளே நுழைந்தது அன்றுதான்.

மகளுக்கு ஆசிரியர் ஒரு கண்டிப்பான விதி கொடுத்திருந்தார். முதல் பக்கத்தில் கண் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். ‘சோகம்’, ‘காதல்’, ‘பயம்’ போன்ற சொற்கள் வரக் கூடாது. நினைத்ததெல்லாம் இரண்டாம் பக்கத்தில்தான். அவள் நிலத்தில் உட்கார்ந்து பென்சிலால் எழுதத் தொடங்கினாள். நான் கைபேசியை எடுத்து அந்தப் படத்தின் கதையைத் தேடிப் படித்தேன். கதை சுவாரசியமாகத்தான் இருந்தது. படத்தில் இருக்கும் பெண் அல்மா மாலர், இசையமைப்பாளர் குஸ்டாவ் மாலரின் விதவை. ஆண் கொகோஷ்காவேதான். அவளைவிட ஏழு வயது இளையவர். 1912இல் சந்தித்தார்கள். பெரிய காதல், பெரிய சண்டை, கடைசியில் பிரிவு.

அரை மணித்தியாலம் கழித்து மகள் தலையைத் தூக்காமலே கேட்டாள். “அப்பா, அந்த ஆளுட கை என்ன செய்யுது? நீங்க என்ன நினைக்கிறீங்க?”

கையா? அரை மணித்தியாலம் படத்துக்கு முன்னால் நின்றிருக்கிறேன், கையை நான் பார்க்கவே இல்லை. கதையைப் படித்த பிறகு என் கண்ணுக்கு அல்மாவும் கொகோஷ்காவும் தெரிந்தார்களே தவிர, படம் தெரியவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கைபேசியைப் பைக்குள் போட்டேன். அன்று படித்துக்கொண்ட முதல் பாடத்தை இன்றுவரை விட்டதில்லை: பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கும் குறிப்பையோ இணையத்தையோ முதல் இருபது நிமிடம் தொடுவதில்லை. அந்தக் கதை எங்கேயும் ஓடிப் போகாது, வீட்டுக்கு வந்தும் படிக்கலாம். படத்தை அங்கேதான் பார்க்க முடியும்.

அடுத்த மாதம் தனியாகப் போனேன். ஒரு சின்னக் கொப்பியும் பென்சிலும் கொண்டுபோனேன். பேனா வேண்டாம், பல அருங்காட்சியகங்களில் படங்களுக்குப் பக்கத்தில் பேனா பிடிக்க விடமாட்டார்கள். மகளுக்குச் சொன்ன விதியையே நானும் வைத்துக்கொண்டேன். கொப்பியில் அன்று எழுதியதை இப்போது புரட்டிப் பார்க்கிறேன். “தலை இரண்டு. அவளுடைய கண் மூடியிருக்கிறது. அவனுடைய கண் திறந்திருக்கிறது, அவளைப் பார்க்கவில்லை. அவள் தலை அவன் தோளில். அவள் தோல் வெளிறி, மென்மையாக. அவன் தோல் முழுக்கக் கோடு கோடாக, பச்சை, நீலம், சிவப்பு, மண் நிறம், தோலை உரித்தது போல. அவன் விரல்கள் ஒன்றுக்குள் ஒன்று.” அவ்வளவுதான். இதை எழுத நாற்பது நிமிடம் ஆனது. எழுதத் தொடங்கினால்தான் கண் நிற்கிறது. ‘அவன் தோல்’ என்று எழுதிவிட்டு என்ன நிறம் என்று மறுபடி நிமிர்ந்து பார்க்க வேண்டி வருகிறது. அப்படிப் பார்க்கும்போதுதான் தோல் நிறம் என்று ஒரு நிறமே அங்கே இல்லை என்பது தெரிகிறது.

அந்த விரல்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் இல்லத்தில் இரவு இரண்டு மணிக்கு அறை அறையாகச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டு போவேன். நித்திரை கொள்கிறார்களா, கண்ணை மூடிக்கொண்டு சும்மா கிடக்கிறார்களா என்பதை முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம், கை காட்டிக் கொடுத்துவிடும். நித்திரை கொள்பவரின் கை திறந்து கிடக்கும். நித்திரை வராதவர் போர்வைக்கு மேலே விரல்களைக் கோத்துப் பிசைந்துகொண்டிருப்பார், பெருவிரல் மட்டும் அசையும். கொகோஷ்கா வரைந்திருப்பது அந்தக் கை. மூட்டுகள் வேர் முடிச்சுப் போலப் புடைத்து, எந்த விரல் எந்தக் கையுடையது என்று எண்ண முடியாமல் பின்னிக் கிடக்கின்றன. நான் இரவில் பார்க்கிற ஒன்றை நூறு வருடத்துக்கு முன் ஒருவர் இவ்வளவு சரியாகப் பார்த்திருக்கிறார் என்று தெரிந்த அன்றுதான் அந்தப் படம் எனக்கு நெருங்கியது.

தூரமும் கிட்டவும் என்று மாறி மாறிப் பார்க்கப் பழகியது அதற்கப்புறம். ஐந்தாறு மீட்டர் தள்ளி நின்றால் சுழற்சி மட்டும்தான் தெரியும், இருவரும் அதற்குள் ஒரு சிப்பி போலத் தங்கியிருப்பார்கள். ஒன்றரை மீட்டருக்கு வந்தால் ஆட்கள் கரைந்துபோவார்கள், சாயம் மட்டும் நிற்கும். சாயத்தை இழைத்துப் பூசவில்லை, அப்பியிருக்கிறார். சில இடங்களில் வரப்பு வெட்டியது போல மேடு. ஒருநாள் அந்த மேட்டைப் பார்க்கும் ஆசையில் கிட்டப் போய்விட்டேன், காவலுக்கு நின்ற அம்மா மெதுவாக வந்து பின்னால் நிற்கச் சொன்னார். என் பிழைதான், மன்னிப்புக் கேட்டேன். அவர் போகவில்லை. படத்தின் பக்கவாட்டில், சுவரோரமாக வந்து நின்று சரிவாகப் பார்க்கும்படி கையால் காட்டினார். அப்படிப் பார்க்கும்போது வெளிச்சம் மேடுகளில் பட்டு, தூரிகை எந்தப் பக்கம் இழுபட்டது என்பது உழவுச் சால் போலத் தெரிகிறது. படத்தின் சுழற்சி முழுக்க அந்த இழுப்பில் இருக்கிறது. கைபேசித் திரையில் இது எதுவும் கிடைக்காது. அங்கே எல்லாம் ஒரே நீலமாகத்தான் தெரியும். நேரில் பார்த்தால் நீலத்துக்குள் எவ்வளவு பச்சை, எவ்வளவு மஞ்சள், உடம்பில் எவ்வளவு இளஞ்சிவப்பு!

இன்னொன்றும் செய்து பாருங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டி உள்ளங்கையால் அந்தப் பெண்ணை மறையுங்கள். ஆண் மட்டும் இருந்தால் அது ஆஸ்பத்திரிப் படம் போல இருக்கும். பிறகு ஆணை மறையுங்கள். பெண் மட்டும் இருந்தால் புயலே இல்லாதது போல, யாரோ மத்தியானத்தில் உறங்குவது போல இருக்கும். ஒரே கட்டிலில் இரண்டு பேருக்கு இரண்டு வேறு காலநிலை.

காலநிலை என்றதும் என் ஊர்க் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் மட்டக்களப்பான். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு சூறாவளி எங்கள் ஊரை அடித்தபோது எனக்கு எட்டு வயது. முதலில் கூரை போனது. அப்பா எங்களை அடுக்களைச் சுவரோடு சேர்த்து உட்கார வைத்து, மேலே பாயையும் சாக்கையும் இழுத்துப் போட்டார். விடியப் பக்கம் காற்று இறங்கியதும் அம்மா இருந்தபடியே நித்திரையாகிவிட்டா. தங்கையும் நித்திரை. நான் கண்ணைத் திறந்தபோது அப்பா விழித்திருந்தார். எங்கள் மூன்று பேரையும் ஒரே அணைப்பில் பிடித்திருந்த அவருடைய கையை நான்தான் மெதுவாகப் பிரித்துவிட்டேன், அது தானாக விரியவில்லை. வெளியே வந்தால் வட்டு இல்லாத தென்னைகள், கண்ணுக்கெட்டிய தூரம் வரை.

‘விண்ட்ஸ்பிரௌட்’ என்பது சுழல்காற்றைக் குறிக்கும் பழைய ஜெர்மன் சொல் என்று பிறகு தெரிந்துகொண்டேன். சொல்லைப் பிரித்தால் ‘காற்றின் மணப்பெண்’ என்று வரும், அதனால் அப்படியும் மொழிபெயர்க்கிறார்கள். எனக்குச் சூறாவளி என்றதும் போதுமாக இருந்தது. அந்த ஆண் என் அப்பாதான் என்று முடிவுகட்டிவிட்டேன். நான்கைந்து தடவை அப்படியே பார்த்து, கண் கலங்கி, வீட்டுக்கு வந்தேன்.

அதைத் திருத்தியது அம்மா. கோடையில் இரண்டு மாதம் எங்களோடு நிற்க வந்திருந்தா. ஒரு ஞாயிறு கூட்டிக்கொண்டு போனேன். நான் எதுவும் சொல்லவில்லை. படத்துக்கு முன்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்து கனநேரம் பார்த்தா. “அவள் நல்ல நித்திரை” என்றா. மறுகா, “இவன் காத்துக்குப் பயப்படல்ல மனே. என்னத்தையோ யோசிச்சிக் கிடக்கான். அவளப் பிடிக்கவும் இல்லயே” என்றா.

எழுந்து போய்ப் பார்த்தேன். உண்மைதான். என் அப்பாவின் கை எங்களைப் பிடித்திருந்தது. இவனுடைய கைகள் ஒன்றையொன்று பிடித்திருக்கின்றன. அவள் தலை அவன் தோளில் இருக்கிறது, அவன் அவளை அணைத்துக்கொள்ளவில்லை. என் கொப்பியில் ‘விரல்கள் ஒன்றுக்குள் ஒன்று’ என்று நானே எழுதியிருக்கிறேன். எழுதியும், நினைவு வந்து அதை மூடிவிட்டது. சொந்த வாழ்க்கை படத்துக்குள் போக ஒரு வாசல்தான், அந்த வாசல் எனக்கு இல்லாவிட்டால் நான் இரண்டாம் தடவை போயிருக்கவே மாட்டேன். ஆனால் உள்ளே போன பிறகு, முதல் பக்கத்தில் எழுதி வைத்ததோடு ஒத்துப் பார்க்க வேண்டும். ஒத்து வராவிட்டால் படத்தைத்தான் நம்ப வேண்டும். முடிந்தால் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், எதையும் சொல்லிக் கொடுக்காமல்.

இதற்குப் பிறகுதான் கதையை ஒழுங்காகப் படித்தேன். இப்போது அது படத்தை மறைக்கவில்லை, திறந்தது. படம் வளர்ந்துகொண்டிருந்தபோது கொகோஷ்கா அல்மாவுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். இருவரும் மிக அமைதியான முகத்தோடு கைகொடுத்தபடி, சுற்றிவர மத்தாப்பு வெளிச்சத்தில் கடல், நீர்க்கோபுரம், மலைகள், மின்னல், நிலா என்று படத்தை அதில் விவரிக்கிறார். கைகொடுத்தபடி! அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அந்தக் கைகளுக்கு முன்னால் போய் நின்றால் வயிற்றைப் பிசைகிறது. நினைத்து வைத்திருந்த அமைதி அவள் முகத்தில் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அந்த நாட்களில் அவருடைய ஓவியக்கூடத்துக்கு வந்துபோனவர்களில் கவிஞர் கியோர்க் ட்ராக்லும் ஒருவர். ‘விண்ட்ஸ்பிரௌட்’ என்ற சொல் அவருடைய ஒரு கவிதையிலும் வருகிறது, படத்துக்குப் பெயரே அவரிடமிருந்து வந்தது என்றும் சொல்வார்கள். 1914 நவம்பரில் போர்க்காலத்தில் கிராகோவ் ஆஸ்பத்திரியில் அவர் இறந்துபோனார். கொகோஷ்காவும் குதிரைப்படையில் சேர்ந்தார். குதிரை வாங்க இந்தப் படத்தை விற்ற காசு உதவியது என்கிறார்கள். 1915இல் கிழக்குப் போர்முனையில் தலையில் குண்டும் நுரையீரலில் துப்பாக்கிக் கத்தியும் பாய்ந்து உயிர் தப்பினார். அதே வருடம் அல்மா கட்டடக் கலைஞர் வால்டர் க்ரோப்பியஸை மணந்தார். அதற்குப் பிறகு அல்மாவைப் போல ஆளளவில் ஒரு பொம்மை செய்வித்த கதையும் உண்டு. ஆட்கள் அதைத்தான் அதிகம் பேசுகிறார்கள், எனக்கு அதில் இறங்க மனமில்லை.

எனக்கு அதைவிடப் பெரிய கதை, இந்தப் படம் பாசலுக்கு எப்படி வந்தது என்பதுதான். அதற்கு முன்பு அது ஜெர்மனியின் ஹாம்பர்க் அருங்காட்சியகத்தில் இருந்தது. 1937இல் நாஜி அரசு நவீன ஓவியங்களை ‘சீரழிந்த கலை’ என்று முத்திரை குத்தி ஜெர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து பறித்தெடுத்தபோது இதுவும் போனது. அப்படிப் பறித்ததில் விலைபோகக்கூடியதை வெளிநாட்டுக்கு விற்றார்கள். 1939இல் பாசல் அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த கியோர்க் ஷ்மிட், நகரத்திடமிருந்து 50,000 ஃபிராங்க் அனுமதி வாங்கி 21 படைப்புகளை வாங்கினார். அதில் ஒரு பகுதி லூசெர்ன் நகரத்தில் நடந்த ஏலத்தில், மற்றவை நேரே பெர்லினிலிருந்து. அந்தக் காசு யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்ற கேள்வி இருக்கிறது, அதை ஒதுக்கிவிட முடியாது. ஆனாலும் வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட ஒன்றுக்கு இந்த ஊர் இடம் கொடுத்தது என்பதை நினைக்கும்போது, இதே நாட்டில் அடைக்கலம் கேட்டு வந்த எனக்கு அந்தப் படத்தின்மேல் ஒரு சொந்தம் வருகிறது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

அந்த 21இல் இன்னொன்று ஃபிரான்ஸ் மார்க் 1913இல் வரைந்த ‘டீர்ஷிக்சாலெ’, விலங்குகளின் விதி. அதுவும் கனவு போன்ற படம்தான்: காடு வெட்டுப்பட்டு விழுகிறது, நடுவில் ஒரு நீல மான் கழுத்தை மேலே எறிந்து நிற்கிறது. அதைப் பார்க்கப் போனால் வலப்பக்க மூன்றில் ஒரு பங்கைக் கவனியுங்கள், நிறம் மங்கிப் பழுப்பாக இருக்கும். மார்க் 1916 மார்ச்சில் வெர்டன் போர்முனையில் இறந்தார். அதன்பிறகு ஒரு கிடங்கில் பிடித்த தீயில் அந்தப் பகுதி கருகிப்போனது. மார்க்கின் நண்பரான ஓவியர் பால் க்ளே 1919இல் அதைத் திரும்ப வரைந்தார். உருவங்களை மீட்டுக் கொடுத்தவர், நிறத்தை மட்டும் அடக்கியே வைத்தார். தீப்பட்ட இடம் எது என்று இன்றைக்கும் தூரத்திலிருந்தே தெரியும். காயத்தையும் படத்தின் பகுதியாகப் பார்க்கப் பழகியது அதன் முன்னால்தான்.

போக நினைப்பவர்களுக்குக் கையோடு சில விஷயங்கள். நான் போன காலத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு நிரந்தரத் தொகுப்புக்குக் கட்டணம் இல்லை. நேரங்கள் மாறலாம், போகுமுன் அவர்களுடைய தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய பையைப் பெட்டகத்தில் வைத்துவிடுங்கள், தோள் லேசாக இருந்தால்தான் நிற்க முடியும். இரவு வேலை முடித்த கையோடு போகாதீர்கள், நான் ஒரு தடவை அப்படிப் போய் எதுவுமே கண்ணில் ஏறாமல் திரும்பி வந்தேன். ஒருநாளைக்கு ஒரு படம், கூடிப்போனால் இரண்டு. முழு அருங்காட்சியகத்தையும் சுற்றி முடிக்க வேண்டும் என்ற எண்ணத்தை வாசலிலேயே விட்டுவிடுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் “இது என்ன சொல்லுது?” என்று கேட்காதீர்கள், “இதில என்னென்ன இருக்கு?” என்று கேளுங்கள். அவர்கள் நிறுத்தாமல் சொல்வார்கள். புகைப்படம் எடுப்பதானால் கடைசியில், கிளம்பும்போது எடுங்கள்.

மகளின் கட்டுரைக்கு நல்ல புள்ளி கிடைத்தது. அவள் இப்போது வேறு படங்களுக்குப் போய்விட்டாள். நான் இன்னும் இங்கேதான் நிற்கிறேன். போன தடவை அந்த இருவரும் படுத்திருப்பது எதன்மேல் என்று பார்க்க நினைத்தேன். சிப்பி என்று முன்பு எழுதினேன், படகு என்று மகள் எழுதியிருந்தாள், மேகம் என்றா அம்மா. அருங்காட்சியகம் மூடப்போவதாக மணி அடிக்கும் வரை நின்றும் எனக்குப் பிடிபடவில்லை. அடுத்த முதல் ஞாயிறு லீவு கேட்டு வைத்திருக்கிறேன். படத்தின் கீழ் விளிம்பை மட்டும், இடமிருந்து வலம், பென்சிலால் வரைந்து பார்க்கப் போகிறேன்.